அஃப்ரினுக்கு நான் போட்ட சோறு

எதிர் வீட்டுக் குழந்தை தோற்க வேண்டும் என்பதற்காக அவளுக்கு வயிறு நிறையச் சோறு போட்டேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் கடைசி வரை சுற்றிக்கொண்டே இருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் வரியிலேயே வைத்துவிட்டேன்.

சோறு போடுவது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடப் போட்டவளை எந்த ஊரில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்? யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று!

குமணன்சாவடியில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடி எங்கள் வீடு. எதிர்க் கதவு ரஹ்மத் அக்காவுடையது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் கணவர் லாரி எடுத்துக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அக்கா கடையைச் சாத்திவிட்டு வரும்போது மணி எட்டாகிவிடும்.

அவர் மகள் அஃப்ரினும் என் மகள் யாழினியும் ஆறாம் வகுப்பு. ஒரே ஆட்டோவில் பள்ளிக்குப் போய், ஒரே இடத்தில் டேக்வாண்டோ பழகி, மாலையில் ஒன்றாக என் சமையலறைத் தரையில் வந்து உட்காருவார்கள். மூன்று வருடமாக இரண்டு தட்டு. நான் அதைப் பெருமையாகத்தான் செய்தேன். அது பொய் இல்லை... அதையும் நீங்கள் நம்ப வேண்டும்.

இரண்டு பேரில் அஃப்ரின்தான் நன்றாக ஆடுவாள். அவள் கால் எப்போது எழும்பியது என்று தெரியாது. எதிரில் நிற்பவளின் மார்புக் கவசத்தில் ‘டப்’ என்ற சத்தம்தான் கேட்கும். பெரும்பாலும் அந்தக் கவசத்துக்குள் இருப்பவள் என் மகள்.

“நான் எப்பவுமே ரெண்டாவதும்மா” என்று யாழினி ஒருநாள் சொன்னாள். அழவில்லை. சிரித்தாள். தோசையைப் பிய்த்துக்கொண்டே, ஏதோ தன் ரோல் நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் அழுதிருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேனோ? அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றிலும் இரண்டாவதாக நின்று, கடைசியில் வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவள் நான். என் முகத்தை ஏன் அவள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

காரணம் சொல்கிறேன், பாருங்கள்! சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

மாவட்டப் போட்டி வந்தது. அதில் எடை வாரியாகத்தான் ஆட வேண்டும். இருவருமே முப்பத்திரண்டு கிலோவுக்குள் வருகிறவர்கள். டேக்வாண்டோ மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஒரு வெயிட்டுக்கு ஒரு பொண்ணத்தான் அனுப்புவேன். ஞாயித்துக்கெழம காலைல எடை. அப்பால ரெண்டு பேருக்கும் ஃபைட்டு. ஜெயிக்கிறவ போவா. உப்பு, ஊறுகாய், அப்பளம், ஸ்வீட்டு எதுவும் கண்ணுல காட்டாதீங்க. கிராம் ஏறிப்போச்சுன்னு என்னாண்ட வந்து அழுவக் கூடாது, ஆமா.”

வெள்ளிக்கிழமை பார்த்தபோது யாழினி முப்பத்தொன்று நூறு. அஃப்ரின் முப்பத்தொன்று எண்ணூறு.

அஃப்ரினுக்கும் முப்பத்திரண்டுக்கும் இருநூறு கிராம்தான் இடைவெளி. ஒரு டம்ளர் தண்ணீர்!

அன்று மாலை ரஹ்மத் அக்கா என் கதவில் சாய்ந்து நின்றார். “நாளைக்கு முகூர்த்த பிளவுசு பதினஞ்சு கீது கவி. காலைல போனா ராத்திரிதான் வருவேன். நீ படிச்சவ. இன்னா குடுக்கணும், எவ்ளோ குடுக்கணும்னு உனக்குத்தான் தெரியும். எங்கிட்ட உட்டா பிரியாணியத் துன்னுட்டு வந்து நிப்பா.”

நான் படித்தவள்தான். மனையியல் பட்டம். உணவியல்தான் எனக்குப் பிடித்த பாடம். உப்பு உடம்புக்குள் போனால் தண்ணீரை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லும் பாதை எனக்கு இல்லை.

சனிக்கிழமை மதியம் வத்தக்குழம்பு வைத்தேன். உருளைக்கிழங்கு வறுவல். அப்பளம் பொரித்தேன். ஆவக்காய் ஜாடியை இறக்கினேன். யாழினிக்கு மட்டும் இரண்டு இட்லியும் உப்பில்லாத பாசிப்பருப்பும்.

“அம்மா, மாஸ்டர் ஊறுகாய் கூடாதுன்னு சொன்னாரே?” என்று கேட்டவள் யாழினிதான். அஃப்ரின் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை சோற்றின் மேல் நின்றுவிட்டது.

“ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. அஃப்ரினுக்குத் தெம்பு வேணும். ஆன்ட்டி இதைத்தானே படிச்சேன்? நீ சாப்பிடுடா கண்ணு.”

சாப்பிட்டாள்... மூன்று முறை சோறு போட்டேன். மாலையில் சேமியா பாயசம். உப்பும் இனிப்பும் போன வயிறு தண்ணீர் கேட்டது. கேட்கக் கேட்க ஊற்றினேன். “ஆன்ட்டி, இன்னிக்கு எல்லாமே சூப்பர்” என்று விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்.

அதுவரை செய்ததைக்கூட ஒரு தாயின் ஆசை, ஒரு மயக்கம் என்று நீங்கள் மன்னிக்கப் பார்க்கலாம். இருங்கள், அவசரப்படாதீர்கள்!

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அக்கா ஃபோன் செய்தார். “இவுளுக்கு இப்ப இன்னாடி குடுக்குறது? வெறும் வயித்தோட இட்டாரவா?”

அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன், கோபமில்லை, பதற்றமில்லை. எச்சில்கூட விழுங்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தால், முந்தைய நாள் ஏற்றியது ஒருவேளை இறங்கியிருக்கும்.

“ஒரு பெரிய டம்ளர் பாலும் ரெண்டு வாழைப்பழமும் குடுங்கக்கா. மயக்கம் கியக்கம் வந்துடப் போகுது” என்றேன்.

என் குரல் எவ்வளவு அக்கறையாக இருந்தது தெரியுமா?

எடை பார்க்கும் இயந்திரம் முப்பத்திரண்டு முந்நூறு காட்டியது.

மாஸ்டர் அவளை இறங்கி ஏறச் சொன்னார். மறுபடியும் அதே எண். “இன்னாம்மா இது? வெள்ளிக்கெழம கரெக்டா இருந்துச்சே. இன்னா துன்ன நேத்து?”

அஃப்ரின் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். சொல்லப் போகிறாள், எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“நானாத்தான் கேட்டு வாங்கி சாப்ட்டேன் மாஸ்டர்” என்றாள்.

பதினொரு வயது! மூன்று வருடம் தனக்குச் சோறு போட்டவளை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எனக்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லையா?

“சோத்தக் கண்டா உட மாட்டியேடி!” ரஹ்மத் அக்கா மகளின் தோளில் ஓர் அடி வைத்தார். “அந்தக் கவிப் பொண்ணு பாவம், கேட்டா இல்லன்னு சொல்லாது. உனக்கு எங்கடி போச்சு புத்தி? வாயக் கட்டத் தெரியாதவளுக்கு இன்னாடி வெளாட்டு?”

காலையில் பால் கொடுத்த விஷயமும் வெளியே வந்தது. எடை பார்த்த பிறகு கொடுத்திருக்கலாமே என்று மாஸ்டர் முகம் சுளித்தார். அதற்கும் அக்காதான் குறுக்கே நின்றார். “அது நல்லதுக்குத்தான் சொல்லுச்சு மாஸ்டர். பசி தாங்காதேன்னு சொல்லுச்சு.”

அரை மணி நேரம் கொடுத்தார்கள். என் ஸ்வெட்டரை நானே கழற்றி அவளுக்கு மாட்டினேன். உடல் வியர்த்தால் கொஞ்சம் இறங்கும் என்று பயிற்சி நடக்கும் சின்ன மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார்கள். யாழினி அவள் பக்கத்திலேயே ஓடினாள். “இன்னும் ரெண்டு ரவுண்டு அஃபு, ரெண்டே ரவுண்டு” என்று கத்திக்கொண்டே ஓடினாள். தன் தோழியின் எடை குறைய வேண்டும் என்று என் மகள் ஓடிக்கொண்டிருந்தாள்!

மறுபடி ஏற்றினார்கள். முப்பத்திரண்டு நூறு.

நூறு கிராம்... நான் கடைசியாக வற்புறுத்திப் போட்ட அந்த ஒரு கரண்டி.

மேல் எடைப் பிரிவில் ஏற்கெனவே வேறொரு பெண் இருந்தாள். ஆகவே அஃப்ரினுக்கு இடமில்லை. யாழினி ஆடாமலேயே தேர்வானாள்.

மாவட்டப் போட்டியில் அந்த எடையில் வந்தவர்கள் நான்கே பேர். முதல் ஆட்டத்தில் தோற்றாலும் வெண்கலம். யாழினி முதல் ஆட்டத்தில் தோற்றாள். என் கணவர் அவளைப் பதக்கத்தோடு படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். அம்பத்தூரில் அவருடைய கம்பெனி ஆட்கள் எல்லாம் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். ரஹ்மத் அக்கா கேசரி கிளறி எடுத்துக்கொண்டு வந்தார். “நம்மூட்டுப் பொண்ணு எதுனா ஒண்ணு வாங்கினு வந்துச்சே, அது போதும்” என்றார்.

அந்தக் கேசரியைச் சாப்பிட்டேன். துப்பவில்லை. நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்!

இத்தோடு முடிந்திருந்தால், அடுத்த வருடம் வேறு போட்டி வரும் என்று மனதைத் தேற்றியிருப்பேன். ஆனால் அஃப்ரின் சாப்பிடுவதை நிறுத்தத் தொடங்கினாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. இல்லை, கவனித்தேன், கவனிக்காததுபோல இருந்தேன். இரண்டாவது முறை சோறு வாங்கமாட்டாள். பிறகு முதல் முறை போட்டதிலேயே பாதியை ஒதுக்கினாள். குழம்பை விட்டுவிட்டு வெறும் சோறு. அப்பளத்தைத் தொடுவதே இல்லை. “போதும் ஆன்ட்டி.” எவ்வளவு மரியாதையாகச் சொல்வாள் தெரியுமா... அந்த ‘ஆன்ட்டி’யில் ஒரு துளி கோபம் இருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

டேக்வாண்டோவுக்கு இன்னும் போகிறாள். ஆனால் ‘டப்’ என்ற அந்தச் சத்தம் மெலிந்துவிட்டது. சில நாள் யாழினியே ஜெயிக்கிறாள்.

சொல்லிவிடுவது என்று ஒருநாள் முடிவெடுத்தேன். மதியம் பஸ் பிடித்து அக்காவின் கடைக்குப் போனேன். வழி நெடுக முதல் வாக்கியத்தை மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே போனேன்.

உள்ளே நுழைந்ததும் அக்கா டேப்பை எடுத்து என் தோளில் போட்டுவிட்டார். “நில்லு, வந்தது வந்துட்ட, அளவக் குடுத்துட்டுப் போ. அய்ய, இன்னாடி இப்டி எளச்சுப் பூட்ட? ஊருக்கெல்லாம் சோறு வடிச்சுக் கொட்டிட்டு நீ துன்றதில்லையா?”

“அக்கா... அஃப்ரின் விஷயமா...”

“அதத்தான் நானும் சொல்லணும்னு இருந்தேன்.” டேப் என் இடுப்பில் நின்றது. அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “எங்கிட்ட துன்னவே மாட்டேங்கிறா கவி. அன்னிக்கு அத்தினி பேர் முன்னால நான் அடிச்சேன்ல? அத மனசுல வச்சுக்கினா. நாந்தான் கெடுத்துட்டேன். நீ சொன்னா கேப்பா. நீ போட்டா துன்னுவா. கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்டி...”

அவர் கண் கலங்கியிருந்தது. என் பாவத்தைத் தன் கையின் மேல் போட்டுக்கொண்டு நின்றார் அந்த மனுஷி.

அப்போதாவது வாயைத் திறந்தேனா? “சரிக்கா, நான் பாத்துக்கறேன்” என்றேன். ஒரு பிளவுஸுக்கு அளவு கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நேற்று மாலை இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். சாம்பார், பீன்ஸ் பொரியல். எல்லாவற்றிலும் உப்பு அளவாகத்தான் போட்டிருந்தேன். மூன்று முறை ருசி பார்த்தேன். அஃப்ரின் தட்டில் பிடி சோறுதான் வைத்தேன். அவள் அதையும் நடுவில் கோடு போட்டதுபோல இரண்டாகப் பிரித்தாள்.

“சாப்பிடுடா. வளர்ற பொண்ணு நீ” என்றேன்.

“ஆன்ட்டி, இது எத்தனை கிராம் இருக்கும்?”

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். என்னிடம் கேட்டால் சரியாகத் தெரியும் என்பதால் கேட்டாள்.

எனக்குத் தெரியும். பார்த்தவுடனே சொல்லிவிடுவேன். “தெரியலையேம்மா” என்றேன்.

யாழினி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் தட்டில் என்ன இருந்தது, அஃப்ரின் தட்டில் என்ன இருந்தது என்று அவளுக்கு நினைவிருக்கிறதா? நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. அவள் குனிந்து, தன் தட்டில் இருந்த சோற்றையும் நடுவில் பிரித்து, பாதியை ஓரமாக ஒதுக்கிவைத்தாள்.

இன்றும் வருவார்கள். மணி ஐந்தாகிவிட்டது. நான் இன்னும் அரிசியைக் களையவில்லை...