முட்டையில்லாத அக்டோபர்

எலிசா வாழ்க்கையில் ஒரு வாரம் சும்மா இருந்தது 1984 இலையுதிர் காலத்தில்தான்.

நியூஜெர்சியில் ஃபிளெமிங்டனுக்கு அப்பால், ஐந்து ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய மரவீட்டை அவளும் கணவன் கிருபைராஜும் வாங்கியிருந்தார்கள். அவன் மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தால் தக்காளிக்குக் குச்சி ஊன்றுவது, கத்தரிக்காய் பறிப்பது, கோழிக்குத் தீனி வைப்பது என்று கோடை முழுக்க உட்கார நேரமிருக்காது. ஞாயிறன்று எடிசனில் தமிழ் ஆராதனைக்குக் கிளம்பினால் கார் டிக்கி நிறைய முட்டை அட்டைகள் இருக்கும். எலிசா ஆன்ட்டி முட்டை என்று சர்ச்சில் அதற்குத் தனிப் பெயரே உண்டு.

அக்டோபரில் வேலியோர மேப்பிள் மரங்கள் நுனியிலிருந்து சிவந்துகொண்டு வந்தன. எலிசா நிமிர்ந்து பார்க்கவில்லை. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தியிருந்தன. கொட்டகை முழுக்க இறகு; கழுத்தெல்லாம் மொட்டை. சீக்கு வந்துவிட்டதென்று பயந்து, பக்கத்துப் பண்ணை டோரத்தியை அழைத்துவந்து காட்டினாள். டோரத்தி சிரித்துவிட்டாள். பகல் குறைந்தால் கோழி பழைய இறகைக் கொட்டிப் புது இறகு போடும், அதுவரை முட்டைக்கு ஓய்வு, அவசரமென்றால் ஒரு பல்பை எரியவிடு, வெளிச்சத்தில் ஏமாந்து இட்டாலும் இடும் என்றாள்.

அன்று மாலையே கிருபைராஜ் வயர் இழுத்து பல்பு மாட்டினான். மறுநாள் விடியுமுன் எலிசா போய்ப் பார்த்தபோது, கோழிகள் அரைகுறை இறகோடு வெளிச்சத்தில் கண் கூச நின்றுகொண்டிருந்தன. நைட் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தானும் இப்படித்தான் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஏன் ஆஃப் பண்ணிட்ட?" என்றான் கிருபைராஜ்.

"பாவங்க. அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்."

"சர்ச்சுல கேப்பாங்களே?"

"ஸ்பிரிங்ல தரேன்னு சொல்றேன்." காப்பியை ஆற்றியபடியே, "நானும் ஒரு வாரம் லீவ் எடுக்கப்போறேன்" என்றாள்.

எங்கே போகலாம் என்று கேட்டான். எங்கும் வேண்டாம் என்றாள்.

அந்த வாரம் அவனும் லீவு போட்டான். பின்வாசல் படியில் இருவரும் வெயில் காய்ந்தார்கள். இலை கூட்ட எழுந்தவனை அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மத்தியானத்தில் மேப்பிள் இலைகளின் செம்மஞ்சள் ஒளி சமையலறைச் சுவரில் வந்து விழும். அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவாள். அவனுக்குக் காதோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். சனிக்கிழமை பெய்த மழையில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. காலையில் பார்த்தால், மொட்டை மரங்களுக்குப் பின்னே ஓர் ஓடை தெரிந்தது. அத்தனை நாளும் சத்தம் மட்டுமே கேட்ட ஓடை.

மார்ச்சில் கோழிகள் மறுபடி முட்டையிட்டன. சர்ச்சில் யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு அவன் வேலை மாறி டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்கு வந்தார்கள். அங்கே அக்டோபரிலும் ஏசி ஓடியது. நியூஜெர்சி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், கிருபைராஜ் பனியில் கார் சிக்கிய கதையை எடுப்பான். எலிசாவோ தான் பட்டப்பகலில் தூங்கியதைச் சொல்வாள்.