தொடைக்கு வைத்த கரண்ட்

குவைத்தில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட என் கணவர் ஆந்திர எல்லையில் உள்ள எங்கள் ஊரான நகரிக்குத் திரும்பியபோது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. உணர்ச்சி மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. திருப்பதியில் அவருக்குப் பிசியோதெரபி செய்த டாக்டரம்மா, தொடையில் பட்டைகளை ஒட்டி லேசாகக் கரண்ட் வைக்கும் சிறிய மெஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கரண்ட் பாய்ந்தால் தொடை இறுகி, கட்டில் விளிம்பில் தொங்கும் கால் மேலே எழும்பும். சதை வற்றாமல் இருந்தால்தான் என்றைக்காவது எழுந்து நிற்க முடியும் என்றார். அந்த ‘என்றைக்காவது’ என் தூக்கத்தைக் கெடுத்தது.

எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கும்போது தறியை நிற்காமல் ஓட்டிவிட வேண்டும். காலமெல்லாம் விசைத்தறி ஓட்டிய மாமனாருக்கு மகனின் காலும் அப்படித்தான் தோன்றியது.

“கரண்டு கீறப்பவே ஓட்டிக்கம்மா. போய்ட்ச்சின்னா இன்னா பண்ணுவே?”

இழுத்து, விட்டு, மறுபடி இழுக்கும்படி வைத்துக் கொடுத்திருந்த மெஷினை, விடாமல் இழுக்கும்படி அவரே மாற்றிவிட்டார்.

அன்று முதலில் நன்றாக எழும்பிய கால் போகப்போகத் தணிந்தது. மாமனார் குமிழைத் திருகி ஏற்றினார். கொஞ்சம் எழும்பியது; பிறகு அதுவும் இல்லை. சதை செத்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு ஓடினேன்.

விஷயத்தைக் கேட்டு அந்த டாக்டரம்மா சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

“சாகலம்மா, களைச்சிப்போச்சி. நாமளா நடக்கறப்ப சதை நாருங்க மாத்தி மாத்தி வேலை செய்யும். மெஷினு அதே நாருங்களையே திரும்பத் திரும்ப இழுக்குது. கொஞ்ச நேரம் இழுத்தா, அதைவிட ஜாஸ்தி நேரம் விடணும். அர்த்தமாயிந்தா, புரிஞ்சிதா?”

அதன்பின் மெஷின் பக்கத்தில் நானே உட்கார்ந்தேன். இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம்தான் கொடுமை. அதற்குள் கரண்ட் போய்விடுமோ என்று விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாமனார் வாசலில் நின்று முணுமுணுப்பார். ஆனால் கால் கடைசிவரை எழும்பியது.

சில வாரம் கழித்து, அப்படி விட்டிருந்த நேரத்தில் முட்டிக்கு மேலே சதை லேசாக இறுகியது.

“இன்னாங்க இது, மெஷினு நிக்கலையா?” என்று கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினேன்.

பிடுங்கிய பிறகும் இறுகியது.

“மெஷினு நின்னுதான் கீது மே,” என்றார் என் கணவர். “நான்தான்.”