ஓடைக்குப் போன மான்

ஒக்டோபர் பிறந்தால் மர்சூக்குக்கு மான் பைத்தியம் பிடித்துவிடும். பனி நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்து பிறம்ரன் நகரில் ட்றக்குகளுக்கு பிறேக் மாற்றுகிறவன், மல்வேர்னில் குடியிருக்கிறவன், வில்லும் அம்புமாகக் காட்டுக்குப் போகிறான் என்றால் சொந்தக்காரர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அவனோடு வேட்டைக்கு வருகிற மன்னார்க்காரர் நீக்கிலாப்பிள்ளை. மற்றவள் மனைவி ஸெய்னம்பு. அவள் சிரிக்கமாட்டாள், ஏசுவாள்.

இந்த வருடம் அவள் ஏசவும் இல்லை. வசந்தத்தில் வயிற்றில் ஒபரேஷன், அதன் பிறகு மருந்து ஏற்றினார்கள். மருந்தெல்லாம் முடிந்தும் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோழியும் நாறியது, மீனும் நாறியது. அப்படிக் கிடந்தவள் ஒருநாள், "மான் இறைச்சி எண்டா ரெண்டு வாய் தின்னுவன் போல கிடக்கு," என்றாள். அதற்குப் பிறகு மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆனால் போன வருடத்துக் கதை அவன் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டதும் விரிகிற அம்பு முனையைக் கடைக்காரன் புகழோ புகழென்று புகழ்ந்து விற்றிருந்தான். அது தோள் எலும்பில் சரிவாய்ப் பட்டு, சரியாக விரியாமல் மேலோடு நின்றுவிட, மான் அம்போடு ஓடிவிட்டது. அவனும் நீக்கிலாப்பிள்ளையும் பொழுதுபடும்வரை தேடியும் கிடைக்கவில்லை. ஓர் உயிரை அரைகுறையாய் விட்டுவிட்டேனே என்று பல இரவுகள் புரண்டு படுத்தான்.

அதனால் இந்தமுறை கராஜில் சோதனை வைத்தான். தடித்த ஸ்பொஞ்சுக் கட்டை, அதற்கு முன்னால் ஃபிறீசரில் இருந்த ஆட்டு விலா. விரிகிற முனை விலாவோடு மல்லுக்கட்டிப் பாதியில் நின்றது. மடங்காத, மூன்று அலகும் இறுகிய பழைய மாதிரி முனையோ விலாவைக் கடந்து ஸ்பொஞ்சுக்குள் போய்விட்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் நின்ற ஸெய்னம்பு, "அது புரியாணிக்கு வச்ச விலா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு பாட்டம் ஏசியிருந்தால் அவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

சனிக்கிழமை விடிந்தபோது மர்சூக் மரத்தில் கட்டிய இருக்கையில் இருந்தான், நீக்கிலாப்பிள்ளை பக்கத்து மரத்தில். பெட்டை மான் ஒன்று மேய்ந்துகொண்டு வந்து விலாவைக் காட்டி நின்றது. "பிஸ்மில்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லி அம்பை விட்டான். அம்பு மானை ஊடுருவி அப்பால் மண்ணில் குத்தியது. மான் ஒரு துள்ளுத் துள்ளியது, சுற்றிப் பார்த்தது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சரிவில் இறங்கி நடந்தது. முனை அவ்வளவு கூர். பட்டதே அதற்குத் தெரியவில்லை என்று மர்சூக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

சரிவின் அடியில் ஓடை ஓடியது. இவர்கள் இறங்கிப் போனபோது மான் ஓடைக்குள் கிடந்தது, தலை தண்ணீருக்குள். மர்சூக் அப்படியே குந்திவிட்டான். வேட்டையில் பட்டது தண்ணீருக்குள் செத்துக் கிடந்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது, அதைத் தின்னக்கூடாது என்பது அவன் சிறுவயதிலிருந்து கேட்டு வந்த மார்க்கச் சட்டம்.

"தம்பி, ரெண்டு சுவாசப்பையும் கிழிஞ்சு போச்சு. தண்ணி என்னத்தைச் செய்யும்?" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"எனக்கும் அப்பிடித்தான் நினைப்பு அண்ணை. நினைப்பை நம்பி அவளுக்குச் சமைச்சுக் குடுக்க ஏலாது. நீங்க கொண்டு போங்க."

"ஸெய்னம்புவுக்குச் சொல்லாம விடன். ஆர் பாத்தது?"

மர்சூக் எழும்பித் தண்ணீருக்குள் இறங்கினான். மானை இழுத்துக் கரையில் போட அவருக்குக் கைகொடுத்தான்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மல்லியும் மிளகும் வறுத்த வாசம் வந்தது. ஒபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக ஸெய்னம்பு அடுப்படியில் நின்றாள். அந்த வாசலில் நின்றபோது மர்சூக்குக்கு ஒரு கணம் பொய் சொல்லத்தான் ஆசை வந்தது, இறைச்சி போன நீக்கிலாப்பிள்ளை வீடு ஒன்றும் தூரமில்லை.

"இறைச்சி எங்க?"

எல்லாவற்றையும் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லாம விட்டிருந்தா நான் திண்டிருப்பன்."

"ஓம். அதாலதான் சொல்லுறன்," என்றான்.

ஸெய்னம்பு அடுப்பைக் குறைத்தாள். பிறகு, "வறுத்த தூளை என்ன செய்யிறது? முட்டை கிடக்கா பாருங்க," என்றாள்.

முட்டைக் குழம்புதான் வைத்தாள். மேசையில் எதிரே இருந்து, தன் சோற்றுக் கோப்பையைத் தொடாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான் மர்சூக். அவள் ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். கோப்பை வெறுமையானதும் அதை அவன் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க," என்றாள்.

அவசரத்தில் அள்ளிப் போட்டதில் பாதிச் சோறு மேசையில் சிந்தியது. ஸெய்னம்பு ஏசத் தொடங்கினாள்.