நீங்க முதல்ல

தன்தா ஊரில் ரம்ஸிக்கு மரியாதை தெரியாதவர் என்று பெயர். வாசலில் யாராவது "நீங்க முதல்ல" என்றால், பேச்சுக்குக்கூட மறுக்காமல் நுழைந்துவிடுவார்.

விமான விபத்துகளை விசாரிப்பது அவர் வேலை. பருத்திக்கு மருந்தடித்துத் திரும்பிய இரண்டு சிறு விமானங்கள் ஓடுபாதைக்கு மேலே மோதின. விமானிகளின் பேச்சை இரு விமானங்களின் ஒலிநாடாக்களிலும் கேட்டார்.

"நீங்க முதல்ல இறங்குங்க, பாஷா."

"அதெப்படி? நீங்க இறங்குங்க."

"சத்தியமா, நீங்கதான்."

கடைசியில் இருவரும் ஒரே நொடியில் "சரி, நானே இறங்குறேன்" என்றார்கள். சேர்ந்து பேசினால் ரேடியோவில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது.

இறந்தவர்களில் ஒருவரின் மனைவி கேட்டாள்: "அவரு மேல தப்பாங்க?"

"மத்தவருக்கு விட்டுக்குடுத்தாரும்மா."

"எப்பவும் அப்படித்தாங்க அவரு" என்றாள் பெருமையாக.

அதுதான் தப்பு என்று சொல்ல ரம்ஸிக்கு நா எழவில்லை.