தீத்தடை நாளில் வெட்டிய இரும்பு

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு முதலாளியின் அழைப்பு வந்தது. நேரத்தை உறுதியாகச் சொல்ல முடியும். காற்றின் திசையையும் தீ அபாய அளவையும் முதலாளி அழைக்கும் நேரத்தையும் தினமும் குறித்துவைப்பது என் வழக்கம். சிட்னியின் மேற்கே, பரமட்டாவைத் தாண்டி, புதிய வீட்டுமனைகளுக்குத் தற்காலிக வேலி போட்டுக்கொண்டிருந்தோம். வசந்தம் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மழை காணாத குளிர்காலம் புல்லை வைக்கோலாக்கியிருந்தது. அன்று முழுத் தீத்தடை; வெளியில் வெல்டிங்கும், பொறி பறக்க இரும்பை வெட்டும் கிரைண்டரும் கூடாது. மாலையில் கடும் புயற்காற்று என்றும் எச்சரித்திருந்தார்கள். வேலி சாலையில் விழுந்தால் தனக்கு வம்பு வரும் என்பதுதான் முதலாளியின் கவலை. "இரும்ப வெட்டி முட்டுக் குடுங்கப்பா. அரை மணி நேர வேலை, யாரு வந்து பாக்கப்போறா?" என்றார், அலுவலகத்தில் உட்கார்ந்தபடி.

என்னோடு வேலை செய்தவரை எல்லோரும் அண்ணை என்போம். படகில் வந்த ஈழத்தவர். வருடக்கணக்கில் தற்காலிக விசாவிலேயே இருந்தார். அவர் கிரைண்டரைத் தொட மறுத்தார். "இண்டைக்கு ஒரு பொறி போதும் தம்பி. பத்தினாப் பிறகு உந்த முதலாளி ஃபோன் எடுக்கமாட்டார்."

என் விசா அந்த முதலாளியின் கையெழுத்தில் தொங்கியது. மனைவிக்கு ஏழாம் மாதம். கிரைண்டரை நான் எடுத்தேன். இரண்டாவது கம்பியில் புல் பற்றியது. வடமேற்குக் காற்று தீயை அடுத்த மனையில் நின்ற மரச்சட்டங்களுக்குக் கொண்டுபோனது. நனைத்த சாக்கால் அடித்து அடித்து அண்ணையின் உள்ளங்கைகள் வெந்துபோயின. தீயணைப்பு வண்டி வந்துதான் தீ அணைந்தது.

பிறகு முதலாளி வந்தார். வெட்டியது யார் என்று அதிகாரி கேட்டபோது, தடை என்று சொல்லியும் கேட்காமல் இவர்தான் வெட்டினார் என்று அண்ணையைக் காட்டினார். அண்ணை இரண்டு முறை "நோ" என்றார். முதலாளியின் சரளமான ஆங்கிலம் அதற்கு மேல் அவரைப் பேசவிடவில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஆம்புலன்ஸில் ஏறும்போது அண்ணை ஒன்றே ஒன்று கேட்டார்: "நிலத்தில என்ன தம்பி தேடினனீர்?"

நாலு மணிக்குப் புயல் வந்து அந்த வேலியை ஒட்டுமொத்தமாகச் சாய்த்தது.

வழக்கு அண்ணையின் பேரில் பதிவானது. விசா மனுவில் ஒவ்வொரு முறையும் அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. முதலாளியோ இன்றும் வசந்தம் பிறந்தால் எல்லோருக்கும் பாதுகாப்பு அறிவுரை அனுப்புகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர் சொன்ன பொய் நின்றது என் வாய் மூடியிருந்ததால். அந்த எண்ணம் வரும்போது கோபம் என்மேலேயே திரும்புகிறது.

எனக்கு நிரந்தர விசா கிடைத்த பிறகே அண்ணையின் அறைக்குப் போனேன். இந்தச் செப்டம்பரில். மன்னிப்புக் கேட்டேன். அவர் நாற்காலியைக் காட்டி, "அதை விடும். நடந்ததை எழுதித் தாரும், லோயரிட்டக் குடுப்பம்" என்றார். அங்கேயே இரண்டு பக்கம் எழுதினேன்: தொலைபேசி வந்த நேரம், காற்றின் திசை, தடை அறிவிப்பு, முதலாளி சொன்னது, அண்ணை மறுத்தது.

தழும்பேறிய விரலை வரிவரியாக நகர்த்தி வாசித்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில் விரல் நின்றது.

"எல்லாம் வடிவா எழுதியிருக்கிறீர். இரும்பை ஆர் வெட்டினது எண்டு எங்க கிடக்கு?"

பேனாவை என் பக்கம் தள்ளினார்.