ஒரு மணி பத்து நிமிடம்

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். என் மகள் சைலாவின் இடது கன்னத்தில் மூன்று வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன. குளிரில் தோல் வெந்த தழும்புகள். அதைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

கனடாவின் வடகோடியில், பாண்ட் இன்லெட்டிலிருந்து எங்கள் ஊர் கிளைட் ரிவருக்கு நானூறு கிலோமீட்டர் சொச்சம். விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். அந்த டிசம்பரில் பனிப்புயலால் மூன்று நாள் அங்கேயே முடங்கிக் கிடந்தேன். நான்காம் நாள் நண்பகல்தான் விமானம் வந்தது. நண்பகல் என்றாலும் வெளியே கும்மிருட்டு. அந்த மாதத்தில் எங்களுக்குச் சூரியன் கிடையாது.

"இன்னைக்காவது ஊர் போய்ச் சேருவேனா?" என்று சாமான் ஏற்றும் நூட்டாரக்கிடம் கேட்டேன்.

"மேகத்தைக் கேளு. திரும்பி வந்துட்டா எங்க வீட்ல கடல்நாய்க் கறி இருக்கு, வா."

விமானத்தின் முன்பாதி முழுக்கச் சரக்கு. பின்னால் ஆறே பயணிகள். என் பக்கத்து இருக்கை காலி. ஐந்து மாதச் சைலா மடியில் தூங்கினாள். 12.20க்கு மேலே எழும்பினோம். விளக்கை அணைத்தார்கள். நானும் கண்ணயர்ந்தேன்.

ஈரத் தோல் வாடை... கண் விழித்தேன்.

பக்கத்தில் ஒரு பெண். கலைமான் தோல் அங்கி, பழைய காலத்துத் தையல். தோளில் பனித்தூள். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பனி உருகவில்லை.

"ஊருக்கு இன்னும் எவ்ளோ நேரம், தங்கச்சி?"

"முக்கா மணி இருக்கும்க்கா."

மெல்லச் சிரித்தாள். "முக்கா மணியா... நாங்க நாய்வண்டியில பத்து நாள்னு கெளம்பினோம்."

எங்கே ஏறினாள் இவள்? வழியில் இறங்க ஏது இடம்?

"கொழந்தையக் கொஞ்சம் குடு. ஒனக்குக் கை வலிக்கும்."

"வேணாம்க்கா. தூங்குறா."

"எறங்கறப்ப குடுத்திர்றேன்."

குனிந்து பார்த்தேன். சைலா தூங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று விரல்கள் என் மகளின் கன்னத்தில் பதிந்தன. சிரிப்பு நின்றது. அழுகை வரவில்லை.

"இது என்னோடது. குடு."

கத்தப் பார்த்தேன். குழந்தையின் மேல் அப்படியே கவிழ்ந்தேன். போர்வை அந்தப் பக்கம் இழுபட்டது.

சர்ர்...

மறுபடியும்...

சர்ர்...

நான் விடவில்லை.

தடால். சக்கரங்கள் தரையைத் தொட்டன.

மணி 1.30. விளக்கு எரிந்தது. சைலா வீறிட்டாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. அதன் பெல்ட் மட்டும் இறுக்கிப் பூட்டியிருந்தது.

ஓடுதளத்தில் என் கொழுந்தன் ஜெய்பூட்டியும் இன்னொருவரும் விமானத்தின் சரக்குப் பகுதியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருவர் தலையிலும் தொப்பி இல்லை, அந்தக் குளிரில்.

"என்னது அது?"

"எலும்பு, அண்ணி. பாண்ட் இன்லெட் மலையடியில கெடச்சுதாம். நம்ம ஊர்ப் பொண்ணு. தாத்தா காலத்துல கைக்கொழந்தையோட நாய்வண்டியில திரும்பி வந்தவ. புயல்ல மாட்டிக்கிட்டா."

"கொழந்தை?"

அவன் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னான்.

"இதுல இல்ல. இன்னும் தேடிட்டு இருக்காங்க."