மாமனார் வண்டியின் கார்புரேட்டர்

திருவிடைமருதூரில் மாமனாரின் பழைய பைக்கில் பெட்ரோல் ஒழுகியது. "சின்ன மாப்ள வரட்டும், அவரு பாத்துப்பாரு" என்றார் மாமனார். மூத்த மாப்பிள்ளையான எனக்கு வயிறு எரிந்தது. சகலை வருவதற்குள் நானே கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் நாக்கை ஸ்குரூடிரைவரால் வளைத்து மாட்டினேன். ஒழுகல் கூடிவிட்டது.

சகலை வந்தார். சிரிக்கவில்லை. கார்புரேட்டருக்கு அடியில் மீன்தொட்டி டியூபைச் செருகி நிமிர்த்திப் பிடித்து, அதில் பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறி நின்றதைக் காட்டினார்.

"எதிர்ப்பக்கம் வளைச்சிட்டீங்கண்ணே. கொஞ்சம் மாத்தி வளைங்க, போதும்."

வளைத்தேன். ஒழுகல் நின்றது.

"சின்ன மாப்ள கைய வச்சா சரியாயிடும்!" என்றார் மாமனார்.

"நான் தொடவே இல்ல மாமா. அண்ணன்தான் செஞ்சாங்க."

மாமனார் என் தோளைத் தட்டினார். சகலை இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அவருடைய கைவேலையைவிட அந்த மனசின் மேல்தான் இன்று வரை எனக்குப் பொறாமை.